நாங்களா, நாமா?

மலாய் வகுப்பில் சேர்ந்தது வேலைக்காகத்தான். நான் பிசியோதெரபிஸ்ட். என்னிடம் வருகிறவர்களில் மலாய்ப் பாட்டிமார் நிறைய. “காலை மெதுவாகத் தூக்குங்கள்” என்று எத்தனை நாள்தான் கைச்சாடையில் சொல்வது? வீட்டருகே சமூக மன்றத்தில் புதன்கிழமை இரவு வகுப்பு இருந்தது. சேர்ந்துவிட்டேன்.

முதல் இரண்டு வாரம் எனக்குத் தலைகால் புரியவில்லை. கடைக்கு ‘கெடாய்’, கட்டிலுக்கு ‘காத்தில்’, பெட்டிக்கு ‘பெத்தி’. கப்பலுக்கு ‘காப்பால்’. எல்லாம் தமிழிலிருந்து கப்பலேறி வந்த சொற்கள். பாதி மலாய் எனக்கு முன்பே தெரியும் என்று வீட்டில் பெருமையடித்துக்கொண்டேன்.

மூன்றாவது வாரம் அந்தப் பெருமை இறங்கியது. இடைவேளையில், எல்லாரும் சேர்ந்து சாப்பிடப் போகலாம் என்று ஆசிரியையை அழைப்பதாக நினைத்து ‘காமி’ என்று தொடங்கினேன். “அப்படியானால் நான் பட்டினியா?” என்று சிரித்தார் அவர்.

‘காமி’ என்றால் கேட்பவரைச் சேர்க்காத நாங்கள். கேட்பவரையும் சேர்த்தால் ‘கீத்தா’. (பெரியவர்கள் ரப்பரைக் கித்தா என்பார்களே, அது வேறு.) ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல்தான். ஆங்கிலம் மட்டுமே பேசி வளர்ந்த பக்கத்து இருக்கைக்காரர் ரொம்ப நேரம் திணறினார். எனக்கு விளக்கமே தேவைப்படவில்லை. நாங்கள், நாம். அவ்வளவுதானே!

1958ல் சுபிர் சைட் இயற்றிய பாடல்தான் நம் தேசிய கீதம். பள்ளியில் தினமும் பாடியிருக்கிறேன். அதன் இரண்டாவது சொல்லே ‘கீத்தா’ என்பது அன்றுதான் உறைத்தது.

எம்ஆர்டியில் வீடு திரும்பும்போது இன்னொன்றும் உறைத்தது.

மாமா காலமான பிறகு அத்தை எங்களோடு இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை காலையில் என் எட்டு வயது மகள் அவர் அறைக்கு ஓடிப்போய், “பாட்டி, நாங்க தேக்கா போறோம்!” என்பாள். “போய்ட்டு வாங்கம்மா” என்பார் அத்தை. அவருக்கு முட்டிவலி, கூட்டமும் பிடிக்காது என்று நானும் கணவரும் முடிவுகட்டியிருந்தோம். ஒருநாள் காலையிலேயே நல்ல புடவை கட்டியிருந்தார். எங்கே அத்தை என்று கேட்டதற்கு, “சும்மாதான் கட்டினேன்” என்றார். நானும் விட்டுவிட்டேன்.

மகள் ஆங்கிலத்தில் யோசித்துத் தமிழில் பேசுகிறவள். அவளிடம் இருந்தது ஒரே ஒரு ‘வீ’. அதற்கு அவள் பிடித்து வைத்திருந்த தமிழ், ‘நாங்க’. அவளைச் சொல்லி என்ன பயன்? “சனிக்கிழமை நாங்க ஜோகூர் போறோம் அத்தை” என்று நானே சொல்லியிருக்கிறேன். காரில் அவருக்கும் இடம் இருக்கிறதா என்று பார்த்து வைத்துவிட்டுத்தான் சொன்னேன். அவர் வரவில்லை.

அடுத்த ஞாயிறு மகளை உட்கார வைத்துச் சொன்னேன். இலக்கணப் புத்தகம் இதற்கு உளப்பாட்டுத் தன்மைப் பன்மை என்று பெயர் வைத்திருக்கிறது. அதையெல்லாம் சொன்னால் ஓடிவிடுவாள். “பாட்டியும் வந்தா நாம. பாட்டி வரலைன்னா நாங்க.”

அறை வாசலில் நின்று ஒருமுறை முணுமுணுத்துப் பார்த்துக்கொண்டாள். பிறகு, “பாட்டி, நாம தேக்கா போறோம்” என்றாள்.

உள்ளே கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

“நானுமா?” என்றார் அத்தை. “பத்து நிமிஷம் இருங்க. புடவை மாத்திக்கிட்டு வந்துடறேன்.”