ஹட்டிக்கு வாய்ஸ், காட்டோரத்துக்கு எஸ்.எம்.எஸ்.

கோத்தகிரிப் பக்கம் இலை எடை போடும் ஷெட்டாகட்டும், குன்னூர் பஸ் ஸ்டாண்டாகட்டும், 'வாட்ஸ்அப்ல போட்டுடுங்க' என்பதுதான் பேச்சு. பச்சைத் தேயிலை விலை, லாரி வரும் நேரம், சங்கக் கூட்டம், துக்கச் செய்தி எல்லாம் அதில்தான் போகின்றன. ஏன் எஸ்.எம்.எஸ். இல்லை என்று கேட்டால், 'இது ஃப்ரீங்க' என்பார்கள்.

ஒரு காலத்தில் அது சரி. பண்டிகை நாட்களில் எஸ்.எம்.எஸ். பேக் செல்லாது என்று கம்பெனிகள் தனிக்காசு பிடித்தன. விளம்பரத் தொல்லையை ஒடுக்குகிறோம் என்று 2011 செப்டம்பரில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் ஒரு சிம்முக்கு நாளொன்றுக்கு 100 எஸ்.எம்.எஸ். என்று வரம்பு போட்டது. சில வாரங்களில் அதை 200 ஆக்கியது. 2016-ல் ஜியோ வந்து டேட்டா மலிந்தது. ஆனால் இன்றைக்குப் பெரும்பாலான ரீசார்ஜில் நாளுக்கு 100 எஸ்.எம்.எஸ். சேர்ந்தே வருகிறது, தொடுவாரில்லை. காசு மட்டுமே காரணம் என்றால் அவ்வளவும் வீணாகுமா?

எழுத்தில் இருக்கிறது சூட்சுமம். ஒரு எஸ்.எம்.எஸ்ஸுக்குள் 140 பைட்தான் அடங்கும். ஆங்கிலத்தில் அது 160 எழுத்து, தமிழில் 70. கொம்பு, கால், புள்ளி எல்லாம் தனித்தனிக் கணக்கு. 'பச்சைத் தேயிலை' என்று அடித்தாலே 14 போய்விடும், அதாவது ஐந்தில் ஒரு பங்கு. விலையையும் தேதியையும் சொல்லி முடிப்பதற்குள் இரண்டாவது எஸ்.எம்.எஸ். ஆரம்பமாகிவிடும். அதனால்தான் நம் ஆட்கள் தமிழை ஆங்கில எழுத்தில் அடித்துத் தள்ளினார்கள்.

நீலகிரியின் படுகு மொழி பேசுகிறவர்களுக்கு அந்த வழியும் அரைகுறைதான். 2011 கணக்கெடுப்பின்படி ஒன்றேகால் லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் தாய்மொழி அது. தனக்கென்று எழுத்து வழக்கில் இல்லை. தமிழிலோ ஆங்கிலத்திலோ கடன் வாங்கி எழுதினால் பாதி ஒலி வழியிலேயே உதிர்ந்துவிடும். 2013 ஆகஸ்டில் வாட்ஸ்அப்பில் குரல்செய்தி வந்தது. சென்னையில் இருப்பவருக்கு அது ஒரு சௌகரியம், அவ்வளவே. ஹட்டியில், அதாவது படுகர் ஊரில், இருக்கும் பாட்டிக்கோ, பெங்களூரில் வேலை பார்க்கும் பேரனுக்குத் தன் மொழியிலேயே செய்தி அனுப்ப முதன்முதலாகக் கிடைத்த வழி. படிக்கத் தெரியாததும் அங்கே தடையில்லை. நீலகிரியில் எஸ்.எம்.எஸ்ஸை வீழ்த்தியது அந்த மைக் பொத்தான்தான் என்பேன்.

இன்னொரு கூட்டமும் இருக்கிறது. 1964-ன் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தப்படி இலங்கையிலிருந்து தாயகம் திரும்பியவர்களுக்கு வேலை கொடுக்கவே அரசின் டான்டீ தேயிலைத் தோட்டங்கள் போடப்பட்டன. கூடலூர், பந்தலூர், கோத்தகிரி லயன் வீடுகளில் இருப்பவர்களுக்கு ஹட்டனிலும் பதுளையிலும் இன்னும் சொந்தபந்தம் உண்டு. கடல் கடந்து போகும் எஸ்.எம்.எஸ்ஸுக்கு இன்றும் தனிக்காசு. அவர்கள் வாயில் 'ஃப்ரீங்க' என்பது முழு உண்மை. ஜார்க்கண்டிலிருந்து கொழுந்து பறிக்க வந்தவர்களும் மாலையானால் வீடியோ காலில்தான் ஊரைப் பார்க்கிறார்கள்.

இத்தனைக்கும் பிறகு எஸ்.எம்.எஸ்ஸைக் கழித்துக்கட்டலாமா? 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 91 செ.மீ. மழை கொட்டிய மலை இது. மழை வலுத்தால் கரன்ட் போகும், டவர் ஒரு புள்ளிக்கு இறங்கும், 'நெட்டு சுத்திக்கிட்டே இருக்கு' என்பார்கள். எஸ்.எம்.எஸ்ஸுக்கு டேட்டா தேவையில்லை. போன் டவரோடு தொடர்பு வைத்துக்கொள்ளும் சிக்னல் பாதையிலேயே அது போய்விடும். மெல்லிய சிக்னலே போதும். போன் எட்டவில்லை என்றால் கம்பெனியின் எஸ்.எம்.எஸ். மையம் அதைப் பிடித்துவைத்து, எட்டும்போது தள்ளிவிடும். (வாட்ஸ்அப் கணக்கைத் திறக்கும் ஆறு இலக்க எண்ணே பெரும்பாலும் எஸ்.எம்.எஸ்ஸில்தானே வருகிறது!)

கூடலூர் பக்கம் யானை இறங்கிய செய்தியும் இப்போது வாட்ஸ்அப் குழுக்களில்தான் ஓடுகிறது. படம் வருகிறது, இடம் வருகிறது. கூடவே எந்தக் காட்டிலோ என்றோ எடுத்த புலி வீடியோவும் வருகிறது. குழுவை மியூட் செய்தவருக்கும் நெட்டை அணைத்தவருக்கும் எதுவும் தெரியாது. பட்டன் போன்காரரோ குழுவிலேயே இல்லை. டேட்டா வேண்டாதவர்களுக்குக் கால், எஸ்.எம்.எஸ். மட்டும் உள்ள ரீசார்ஜ் தர வேண்டும் என்று 2024 டிசம்பரில் டிராய் உத்தரவிட்டது இவர்களைப் போன்றவர்களுக்காகத்தான்.

யானைச் செய்தி பற்றி வால்பாறைக்காரர்கள் வேறு மாதிரி யோசித்தார்கள். அங்கே யானையால் இறந்தவர்களில் பெரும்பாலோருக்கு, பக்கத்தில் யானை நிற்பதே தெரிந்திருக்கவில்லை என்று கண்டது நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன். ஆனந்தகுமார் தலைமையிலான அதன் குழு 2011-ல் எஸ்.எம்.எஸ். எச்சரிக்கையைத் தொடங்கியது, படிக்க முடியாதவர்களுக்காகத் தமிழில் குரல் அழைப்பையும் சேர்த்தது. 2015-ல் அவருக்கு இயற்கைப் பாதுகாப்புக்கான விட்லி விருது கிடைத்தது. தோட்டத்துச் சந்திப்புகளில் சிவப்பு விளக்குகளையும் நட்டார்கள். யானை அருகே நின்றால் அந்த விளக்கு மின்னும். அதை எரியவைக்க ஆப் எதுவும் வேண்டாம். பட்டன் போனே போதும்.