ஒரே ஒரு தட்டு... நழுவிய பதக்கம்!

2024 ஆகஸ்ட் 5. பாரிஸ் ஒலிம்பிக்கில் கலப்பு ஸ்கீட் வெண்கலப் போட்டி. இந்தியாவின் மகேஸ்வரி சௌஹான் - அனந்த்ஜீத் சிங் நருகா ஜோடி சுட்டு வீழ்த்தியது 43 தட்டுகள். சீன ஜோடி 44. ஒரே தட்டில் பதக்கம் போச்சு!

அது என்ன தட்டு? 11 செ.மீ. அகலம், 105 கிராம் எடை. இயந்திரம் வீச, பறக்கும்போதே நொறுக்க வேண்டும்.

ட்ராப் ஆட்டத்தில் தட்டு எந்தக் கோணத்தில் பாயும் எனத் தெரியாது. அதனால், வழக்கமான சுற்றில் தட்டுக்கு இரண்டு முறை சுடலாம். ஸ்கீட்டில் பாதை தெரியும். ஆனால், ஒரு முறைதான். ஒலிம்பிக் விதிப்படி, குரல் கொடுத்த 3 விநாடிக்குள் தட்டு எப்போதும் கிளம்பலாம். அதுவரை துப்பாக்கிக் கட்டை இடுப்பருகே இருக்கணும்!

கிளப்பில் பொழுதுபோக்காகச் சுடுபவர்களுக்கும் ஒரு சுற்றுக்கு 25 தட்டுகள்தான். 24 அடித்தவரிடம் கேளுங்கள்... தப்பிய அந்த ஒன்றைப் பற்றித்தான் பேசுவார்!