பந்து ஓய்ந்ததும் பேனா ஓடும்!

காற்பந்துக் குழுக்களின் ஒப்பந்தக் காலம்: நம் இளைஞர்களும் பெற்றோர்களும் அறிய வேண்டியவை

பந்திங் என்றதும் விளையாட்டு ரசிகர்களுக்குப் பூப்பந்துதான் நினைவுக்கு வரும். கஞ்சோங் டாராட்டில் வளர்ந்த சீடேக் சகோதரர்களை யார் மறப்பார்? 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் ராஸிஃப், ஜைலானி இணை வென்ற வெண்கலம்தான் மலேசியாவின் முதல் ஒலிம்பிக் பதக்கம். ஆனால், அதே கோல லங்காட் மாவட்டத்தின் தோட்டத் திடல்களில் மாலை நேரத்தில் நம் பிள்ளைகள் துரத்தியது காற்பந்தைத்தான். சிலாங்கூரின் கோல் கம்பங்களுக்கிடையே 'ஸ்பைடர்மேன்' ஆர். ஆறுமுகம் பாய்ந்து பாய்ந்து பந்தைப் பிடித்த கதையைச் சொல்லாத தகப்பன்மார் இந்தப் பக்கத்தில் குறைவு.

அந்தக் காலத்து ஆட்டக்காரருக்கு அலுவலகத்திலோ வங்கியிலோ ஒரு வேலை இருக்கும். காற்பந்து மாலையில்தான். 1989இல் அரை நிபுணத்துவ லீக் வந்தது. 1994இல் நிபுணத்துவ லீக் வந்தது. பந்தே பிழைப்பாயிற்று. பிழைப்பு என்று ஆனதும் ஒப்பந்தம் என்ற காகிதமும் கூடவே வந்துவிட்டது. ஆட்டத்தைப் பற்றி மணிக்கணக்கில் பேசுகிற நாம், அந்தக் காகிதத்தைப் பற்றி எவ்வளவு பேசியிருக்கிறோம்?

ஓய்வு மாதங்களில் என்ன நடக்கிறது?

முன்பெல்லாம் நமது லீக் ஆண்டின் தொடக்கத்தில் ஆரம்பித்து ஆண்டிறுதிக்குள் முடிந்துவிடும். 2024-25 முதல் இந்த முறை மாறிவிட்டது. அந்தப் பருவம் 2025 ஏப்ரலில் முடிந்தது. அடுத்தது ஆகஸ்டில்தான் தொடங்கியது. இடைப்பட்ட மாதங்களில் திடலில் சத்தம் இல்லை. ஆனால், குழு அலுவலகங்களில் ஓய்வே இருக்காது.

அங்கே பொதுவாக நான்கு காரியங்கள் நடக்கும். முதலாவது, யாரை வைத்துக்கொள்வது என்ற முடிவு. இரண்டாவது, ஒப்பந்தம் முடிந்தவர்களை விடுவிப்பது. மூன்றாவது, ஆட வாய்ப்பில்லாத இளையவர்களை வேறொரு குழுவுக்கு இரவல் கொடுப்பது. நான்காவது, வெளியிலிருந்து புதியவர்களை எடுப்பது. பதிவுக்கென்று காலக்கெடு உண்டு. அந்த வாசல் மூடிவிட்டால், விதிவிலக்கு உள்ளவரைத் தவிர மற்றவர்கள் அடுத்த வாசல் திறக்கும்வரை காத்திருக்க வேண்டியதுதான்.

இந்த இடமாற்றம் நல்ல திறமைசாலிக்கு ஏணி. எஸ். குணாளன் முதலில் ஓட்டப்பந்தய வீரர். நெகிரி செம்பிலான் குழுவில் பெயரெடுத்தார், சிலாங்கூருக்கு வந்தார், பிறகு ஜொகூர் டாருல் தக்ஸிமுக்குப் போனார், தேசியக் குழுவிலும் ஆடினார். சரியான நேரத்தில் சரியான கையெழுத்து ஓர் ஆட்டக்காரரை எங்கே கொண்டுபோய்ச் சேர்க்கும் என்பதற்கு இது ஒரு சான்று.

சுதந்திரம் வந்த கதை

ஒப்பந்தம் முடிந்த ஆட்டக்காரர் விரும்பிய குழுவுக்குப் போகலாம் என்பது இன்று சாதாரண விஷயம். எப்போதுமே அப்படி இருந்ததில்லை. பெல்ஜியத்தைச் சேர்ந்த ஷான் மார்க் போஸ்மன் என்பவர், ஒப்பந்தம் முடிந்த பிறகும் பழைய குழு மாற்றுப்பணம் கேட்டுத் தன்னைத் தடுக்கிறது என்று வழக்காடினார். 1995 டிசம்பரில் ஐரோப்பிய நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. அதன் தாக்கம் உலகமெங்கும் பரவியது. இப்போது ஃபிஃபா விதிப்படி, ஒப்பந்தம் முடிய ஆறு மாதமே இருக்கும்போது ஓர் ஆட்டக்காரர் அடுத்த குழுவுடன் கையெழுத்திடலாம்.

ஆனால், சுதந்திரத்துக்கு இன்னொரு முகமும் உண்டு. போக விரும்புகிறவருக்கு அது திறந்த கதவு. யாரும் அழைக்காதவருக்கு அது நடுத்தெரு! நட்சத்திர ஆட்டக்காரருக்கு ஓய்வு மாதம் பேரம் பேசும் காலம். சாதாரண ஆட்டக்காரருக்கோ அது சம்பளமில்லாத காலமாகிவிடலாம்.

சுருங்கிய களம்

அழைக்கக் குழுக்கள் இருக்கின்றனவா என்பதுதான் இன்றைய பெரிய கேள்வி. இரண்டாம் நிலையில் இருந்த பிரிமியர் லீக் 2022உடன் முடிவுக்கு வந்தது. 2023 சூப்பர் லீக்கிற்கு மலாக்கா யுனைடெட், சரவாக் யுனைடெட் ஆகிய குழுக்களுக்கு உரிமம் கிடைக்கவில்லை. 2025-26 பருவத்திற்கு முன்பு பேராவும் ஸ்ரீ பகாங்கும் விலகிக்கொண்டன. கெடாவுக்கு உரிமம் கிடைக்கவில்லை. ஒரு குழு போனால் ஒரு பெயர்ப்பலகை மட்டுமா போகிறது? இருபது, முப்பது பேரின் வருமானமும் அல்லவா போகிறது!

நம்மவர்களுக்கு அதிகம் வலித்தது பெட்டாலிங் ஜெயா சிட்டியின் முடிவு. மலேசிய இந்தியர் காற்பந்து சங்கத்தின் குழுவாக, மிஃபா என்ற பெயரில் பிரிமியர் லீக்கில் ஆடி, 2019இல் புதுப் பெயரோடு சூப்பர் லீக்கிற்கு உயர்ந்த குழு அது. கிள்ளான் பள்ளத்தாக்கு இந்திய இளைஞர்களுக்கு, 'நமக்கும் ஓர் இடம் இருக்கிறது' என்ற நம்பிக்கையைத் தந்த குழு. 2022 பருவத்தோடு அதுவும் விலகிக்கொண்டது.

சம்பளம் வராவிட்டால்?

நமது லீக்கின் தீராத நோய் சம்பளப் பாக்கி. அதற்கு ஃபிஃபா ஒரு மருந்து வைத்திருக்கிறது. இரண்டு மாதச் சம்பளம் உரிய நாளில் வராவிட்டால், ஆட்டக்காரர் குழுவுக்கு எழுத்து மூலம் தெரிவித்து, குறைந்தது 15 நாள் அவகாசம் கொடுக்க வேண்டும். அதற்குள்ளும் பணம் வராவிட்டால், நியாயமான காரணத்தோடு அவர் ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ளலாம். 2018இல் வந்த விதி இது. இதில் 'எழுத்து மூலம்' என்ற சொல்தான் முக்கியம். மேலாளரிடம் தொலைபேசியில் கெஞ்சியதெல்லாம் கணக்கில் வராது.

அமெரிக்காவில் பேஸ்பால் ஆட்டத்துக்குப் பல அடுக்கு கீழ்நிலை லீக்குகள் உண்டு. அங்கே ஆடியவர்கள், பருவம் முடிந்ததும் சம்பளம் நின்று, கடைகளிலும் கிடங்குகளிலும் வேலை தேடிப் போனார்கள். பின்னர் அவர்கள் சங்கமாகத் திரண்டார்கள். 2023இல் முதல் கூட்டு ஒப்பந்தம் கையெழுத்தானது. கீழ்நிலை லீக்குகளின் உச்ச அடுக்கில் ஆண்டுக்கு 17,500 டாலராக இருந்த குறைந்தபட்சச் சம்பளம் 35,800 டாலராக உயர்ந்தது. தனித்தனியாகக் கேட்டபோது கிடைக்காதது, சேர்ந்து கேட்டபோது கிடைத்தது. இங்கும் நிபுணத்துவக் காற்பந்து ஆட்டக்காரர்களுக்கென ஒரு சங்கம் இருக்கிறது. சம்பளப் பாக்கி வழக்குகளில் அது உதவியும் செய்கிறது. நம் பிள்ளைகள் அதன் கதவைத் தட்டத் தயங்கக்கூடாது.

கையெழுத்துக்கு முன்...

பந்திங்கில் 20 வயது இளைஞர் ஒருவருக்கு ஒரு குழுவிடமிருந்து அழைப்பு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். வீடே திருவிழாவாகிவிடும். அந்த மகிழ்ச்சியிலும் அப்பா, அம்மா சில கேள்விகளைக் கேட்கத்தான் வேண்டும்.

ஒப்பந்தம் எந்தத் தேதியில் தொடங்கி எந்தத் தேதியில் முடிகிறது? ஆட்டம் இல்லாத மாதங்களுக்கும் சம்பளம் உண்டா? ஊழியர் சேமநிதியும் சொக்சோவும் கட்டப்படுமா? காயம்பட்டால் மருத்துவச் செலவு யாருடையது? நடுவில் நிறுத்தினால் இழப்பீடு என்ன? கூட வரும் முகவரிடம் ஃபிஃபா உரிமம் இருக்கிறதா? பிள்ளை 18 வயதுக்குக் கீழே என்றால், மூன்று ஆண்டுக்கு மேற்பட்ட ஒப்பந்தத்தை ஃபிஃபா ஏற்பதில்லை என்பதும் தெரிந்திருக்க வேண்டும். புரியாத மொழியில் இருந்தால், புரிந்தவரிடம் காட்டிப் படித்த பிறகே பேனாவைத் திறக்க வேண்டும். கையெழுத்திட்ட பிரதி ஒன்று கட்டாயம் வீட்டில் இருக்க வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. காற்பந்து வாழ்க்கை குறுகியது. முப்பது வயதைத் தாண்டினால் பலருக்கு அழைப்பு குறைந்துவிடும். கையில் ஒரு தொழிற்கல்விச் சான்றிதழோ டிப்ளோமாவோ, பயிற்றுநர் உரிமமோ இருந்தால் ஓய்வு மாதங்கள் பயமுறுத்தாது. 2010இல் தேசியக் குழுவுக்கு ஆசியான் கிண்ணத்தை வென்று தந்த கே. ராஜகோபாலும் முன்னாள் ஆட்டக்காரர்தானே!

பிள்ளைக்குக் காலணி வாங்கும்போது அளவு பார்த்து, போட்டுப் பார்த்து, நடந்து பார்த்துத்தான் வாங்குகிறோம். அவன் எதிர்காலத்தையே எழுதி வைக்கிற காகிதத்தை மட்டும் படித்துப் பார்க்காமல் கையெழுத்திடலாமா? பெற்றோர்களே, சற்றுச் சிந்தியுங்கள்.