வாரம் ஒரு பென்னி

இங்கிலாந்து தேசத்தின் தென்மேற்கே, டார்செட் மாவட்டத்தில் டோல்பட்டில் என்றொரு சிற்றூர் உண்டு. 1818ஆம் ஆண்டில் அவ்வூரின் மெதடிஸ்ட் விசுவாசிகள் தங்களுக்கென்று ஓர் ஆராதனை வீட்டைக் கட்டினார்கள். அவர்களில் பலர் பிறருடைய வயல்களில் உழைத்த கூலியாட்கள். மண்ணும் வைக்கோலும் குழைத்து எழுப்பிய சுவர்கள்; கோபுரம் கிடையாது. ஊரில் ஏற்கெனவே பழமையான கல் ஆலயம் ஒன்று இருந்தது. ஆயினும் இந்தச் சிறு கூடத்தில்தான் ஏழை உழைப்பாளிகள் தாங்களே ஜெபித்தார்கள், தாங்களே பிரசங்கித்தார்கள், தாங்களே காணிக்கை சேர்த்தார்கள்.

கூலியாட்கள் எப்படி ஒரு சபையைத் தாங்கினார்கள்? ஒவ்வொருவரும் வாரத்திற்கு ஒரு பென்னி, மூன்று மாதத்திற்கு ஒரு ஷில்லிங் கொடுப்பது மெதடிஸ்டுகளின் வழக்கம். பன்னிரண்டு பென்னி சேர்ந்தால் ஒரு ஷில்லிங். 1830களில் அவ்வூர்க் கூலி வாரத்திற்கு ஒன்பது ஷில்லிங்கிலிருந்து ஏழுக்கு இறங்கிற்று. அதாவது எண்பத்து நான்கு பென்னியில் ஒரு பென்னி. தசமபாகத்தோடு ஒப்பிட்டால் அற்பமாகத் தோன்றும். பிள்ளைகளின் ரொட்டிக்கே போதாத வீட்டில் அது அற்பமன்று.

இந்தப் பென்னிக்கு ஒரு சரித்திரம் உண்டு. 1742 பிப்ரவரியில் பிரிஸ்டல் பட்டணத்து மெதடிஸ்டுகள் தங்கள் கூடத்தைக் கட்டிய கடனை எப்படித் தீர்ப்பது என்று கூடி ஆலோசித்தார்கள். ஆளுக்கு வாரம் ஒரு பென்னி கொடுக்கலாம் என்று யோசனை எழுந்தபோது, பலரால் அதுவும் இயலாதே என்று ஒருவர் தடை சொன்னார். உடனே கேப்டன் ஃபாய் என்பவர், மிக ஏழைகளான பதினொருவரைத் தம்மிடம் ஒப்புவிக்கும்படி கேட்டார். வாரந்தோறும் அவர்கள் வீட்டுக்குத் தாமே செல்வதாகவும், கொடுக்க இயலாதவனுடைய பென்னியையும் தாமே செலுத்துவதாகவும் சொன்னார். மற்றவர்களும் அவ்வாறே பொறுப்பேற்றார்கள். பன்னிருவர் கொண்ட ‘வகுப்பு’ என்னும் ஏற்பாடு இவ்விதமாய்ப் பிறந்தது.

பணம் வாங்கச் சென்ற தலைவர்கள் வீடுகளுக்குள் வேறு காரியங்களைக் கண்டார்கள். ஒருவன் மீண்டும் குடிக்கத் தொடங்கியிருந்தான். இன்னொரு வீட்டில் ஓயாத சண்டை. இவற்றைக் கேள்விப்பட்ட ஜான் வெஸ்லி, நெடுநாளாகத் தாம் தேடிய வழி இதுவே என்று உணர்ந்தார். கடன் தீர்க்க வந்த ஏற்பாடு ஆத்தும விசாரிப்பாயிற்று. பின்னர் வீடு வீடாகச் செல்வதற்குப் பதிலாக, பன்னிருவரும் வாரம் ஒருமுறை ஓரிடத்தில் கூடலானார்கள். இன்று மும்பையிலும் டெல்லியிலும் நாம் நடத்தும் வீட்டு ஜெபக்குழுக்களுக்கு இவ்வகுப்பு ஒரு மூத்த உறவு.

சேருவதற்கு விதித்த நிபந்தனை ஒன்றே ஒன்று. வரும் கோபாக்கினைக்குத் தப்பித் தன் பாவங்களினின்று இரட்சிக்கப்பட வேண்டும் என்ற வாஞ்சை ஒருவனுக்கு இருந்தால் போதும் என்று 1743ஆம் ஆண்டின் பொது விதிகள் கூறின. எழுத்தறிவு, குலம், சொத்து, முந்தின சபை எதுவும் கேட்கப்படவில்லை. உள்ளே வந்தபின் ஒழுங்கு கண்டிப்பானது. மூன்று மாதத்திற்கு ஒருமுறை வகுப்புச்சீட்டு புதுப்பிக்கப்படும். கனியற்றவனுக்குச் சீட்டு கிடையாது. வாசல் அகலம், வீட்டுக்குள் கட்டுப்பாடு! நம்மில் சில சபைகள் இதைத் தலைகீழாக நடத்துகின்றனவோ என்ற ஐயம் எனக்கு உண்டு. புதிதாக வந்தவரிடம் “ஐயா, எந்த ஊர்?” என்று அன்பாகத்தான் தொடங்குகிறோம். அதற்கடுத்து “ஊரிலே எந்தத் தெரு?” என்று கேட்கிறோமே, அது எதை அறிந்துகொள்ளக் கேட்கப்படும் கேள்வி என்பது கேட்பவருக்கும் தெரியும், பதில் சொல்பவருக்கும் தெரியும்.

சேர்ந்த பணம் தங்களுக்குள்ளேயே சுழலவும் இல்லை. 1785 ஜனவரியில் வெஸ்லிக்கு வயது எண்பத்தொன்று. லண்டன் ஏழைகளுக்கு வழக்கமாகக் கொடுத்த நிலக்கரியும் ரொட்டியும் போதாது, அவர்களுக்கு உடையும் வேண்டும் என்று கண்டார். உருகும் பனி கணுக்கால் வரை நிற்கும் தெருக்களில் ஐந்து நாட்கள் நடந்து, இருநூறு பவுன் யாசித்துச் சேர்த்தார். பின் நோயில் விழுந்தார். அதே ஆண்டில் லண்டன் மெதடிஸ்டுகள் சிலர் ‘அந்நியரின் நண்பர் சங்கம்’ ஒன்றைத் தொடங்கினார்கள். பிழைப்புத் தேடிப் பட்டணம் வந்து, நோயுற்று, கேட்பாரற்றுக் கிடப்போருக்கே அதன் உதவி. தங்கள் சபையாருக்கு அதில் பங்கில்லை என்பது அச்சங்கத்தின் தன்மை. அயலூரில் நாமும் ஒரு காலத்தில் அந்நியராய் வந்திறங்கியவர்களே. நம் நலநிதியில் நம் சபைப் பதிவேட்டில் பெயரில்லாதவனுக்கு எவ்வளவு ஒதுக்கியிருக்கிறோம்?

டோல்பட்டிலுக்குத் திரும்புவோம். ஒரே போதகர் பல கிராமங்களைக் கவனித்தபடியால், பெரும்பாலான ஞாயிறுகளில் உள்ளூர்ப் பிரசங்கிமாரே செய்தி கொடுத்தார்கள். அவர்களில் ஒருவர் ஜார்ஜ் லவ்லெஸ். ஏர் உழும் கூலியாளாகிய அவர், மிச்சம் பிடித்த காசில் சில வேதவியல் நூல்களைச் சேர்த்துத் தாமே கற்றவர். கூலி ஆறு ஷில்லிங்காகக் குறையும் என்ற அச்சம் வந்தபோது, அவரும் தோழரும் சங்கம் சேர்ந்தார்கள். இரகசிய உறுதிமொழி எடுத்ததாகக் குற்றஞ்சாட்டி, 1834 மார்ச்சில் ஆறு பேருக்கு ஏழாண்டு நாடுகடத்தல் தண்டனை விதித்து ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பினார்கள். அறுவரில் பெரும்பாலோர் மெதடிஸ்டுகள். கூடி ஆலோசிக்கவும், நாலுபேர் முன் எழுந்து பேசவும், கணக்கு வைக்கவும் கூலியாட்களுக்குப் பயிற்சி தந்த இடங்களில் அந்த மண்சுவர்க் கூடமும் ஒன்று.

இங்கே ஒரு கசப்பையும் சொல்லியாக வேண்டும். மெதடிஸ்ட் தலைமை இவர்களுக்காக எழுந்து நிற்கவில்லை. அரசைப் பகைத்துக்கொள்ள அஞ்சிய பெரியவர்கள் விலகியே நின்றார்கள். மனைவி பிள்ளைகளுக்கு ஊர் நிவாரணமும் மறுக்கப்பட்டது. அப்போது லண்டனில் ஒரு குழு அமைந்து, முகமறியாத தொழிலாளர்களின் சில்லறைக் காசுகளைச் சேர்த்து அக்குடும்பங்களைப் போஷித்தது. ஏழைகளின் சிறுதொகையைத் திரட்டும் அதே வழி. ஆனால் திரட்டியவர்கள் சபைத் தலைவர்கள் அல்லர். அறுவருக்காக எழுதப்பட்ட விண்ணப்பத்தில் இரண்டு இலட்சத்திற்கும் அதிகமானோர் கையெழுத்திட்டார்கள். 1836இல் மன்னிப்புக் கிடைத்தது. அவர்கள் திரும்பிவரப் பின்னும் காலம் சென்றது.

திரும்பியவர்களில் ஜேம்ஸ் ஹாமெட் ஒருவரே டோல்பட்டிலில் நிலைத்து, 1891இல் டார்செஸ்டர் ஏழைகள் விடுதியில் மரித்தார். பழைய கூடம் பின்னாளில் பண்ணைக் கொட்டிலாகிப் பாழடைந்து, அண்மை ஆண்டுகளில்தான் சீரமைக்கப்பட்டது. 1860களில் எழுந்த புதிய ஆலயத்தின் முன்னே அறுவர் நினைவாக 1912இல் ஒரு வளைவு எழுப்பப்பட்டது. ஒவ்வொரு ஜூலையிலும் தொழிற்சங்கத்தார் பெருந்திரளாய் அவ்வூரில் கூடுகிறார்கள். ஜெபிக்கிறவரும் ஜெபத்தில் நம்பிக்கையற்றவரும் அதில் உண்டு.

மற்ற ஐவரும் குடும்பங்களோடு கப்பலேறிக் கனடாவின் ஒண்டாரியோ பகுதியில் குடியேறினார்கள். யாரும் தங்களைப் பற்றிக் கேட்காத ஓர் அந்நிய மண்ணில் மறுபடியும் உழவைத் தொடங்கினார்கள். ஜார்ஜ் லவ்லெஸ் அங்கே, நம் வேதத்தில் குருடன் கண் கழுவிய குளத்தின் பெயராகிய சீலோவாம் என்னும் பெயர் தாங்கிய கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் பண்ணப்பட்டிருக்கிறார்.