லீவில் வருகிற அப்பா

"டீச்சரம்மா, பதினெட்டாந்தேதி அவரு லீவுல வர்றாரு. புள்ள அவரப் பாத்து அழுவானா?"

எதிர்வீட்டுப் பெண் கேட்டபோது மணி நாலு. அடுப்பில் தேயிலை கொதித்துக்கொண்டிருந்தது. அவள் இடுப்பில் எட்டு மாதத்துப் பையன், வாயில் அவளுடைய தாலிச்சரடு. "அழுவான்" என்றேன். முகம் வாடிவிட்டது. பொய் சொல்லியிருக்கலாம், பதினெட்டாம் தேதி சாயங்காலமே அது வெளுத்துவிடும். அதனால் இஞ்சியைத் தட்டிப் போட்டு, இரண்டு தம்ளரில் ஊற்றி, அவளை உட்காரவைத்துச் சொல்ல ஆரம்பித்தேன். முடிப்பதற்குள் இன்னொரு தரம் தேநீர் போட வேண்டியிருந்தது.

இதைச் சொல்ல எனக்கு இரண்டு தகுதி உண்டு. அங்கன்வாடியில் முப்பது வருஷம் பிள்ளைகளோடு இருந்திருக்கிறேன். வீட்டுக்காரர் ஹவில்தாராக ஓய்வு பெற்றவர். எங்கள் ஊர் வேலூர் மாவட்டத்தில் கம்மவான்பேட்டைக்குப் பக்கம். கம்மவான்பேட்டைக்கு ராணுவப்பேட்டை என்றே இன்னொரு பெயர். அப்பா, பிள்ளை, பேரன் என்று வரிசையாகப் பட்டாளத்துக்குப் போன வீடுகள் இந்த வட்டாரம் முழுக்க உண்டு. வேலூர் லாங் பஜார் மணிக்கூண்டில் ஒரு கல்வெட்டு இருக்கிறது: 1914 முதல் 1918 வரை நடந்த பெரும்போருக்கு இங்கிருந்து 277 பேர் போனார்கள், 14 பேர் உயிர் கொடுத்தார்கள். மீதி 263 பேரும் வீடு திரும்பிய அன்றைக்கு எத்தனை தொட்டில் பிள்ளைகள் அலறியிருக்கும் என்று அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன்.

முதலில் கணக்கு. பட்டாளத்துக்காரன் வாழ்க்கையில் இரண்டு வகை ஊர்தான் உண்டு: பீஸ், ஃபீல்டு. பீஸ் என்றால் குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு போகலாம். குவார்ட்டர்ஸ் உண்டு, எம்.எச். என்கிற ராணுவ மருத்துவமனை உண்டு, பக்கத்து வீட்டில் ஒரு பஞ்சாபிக்காரி உண்டு. ஃபீல்டு என்றால் எல்லைப் பக்கம். பெண்டாட்டி பிள்ளைக்கு அங்கே இடமில்லை. இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை இது மாறி மாறி வரும். கல்யாணமும் கர்ப்பமும் அந்த முறை பார்த்து வருவதில்லை.

ஃபீல்டில் இருக்கும் ஜவானுக்கு வருஷத்துக்கு 60 நாள் ஆண்டு விடுப்பு, 30 நாள் கேஷுவல். சேர்த்தால் மூன்று மாசம். கேட்கிறவர்களுக்கு "அவ்வளவு லீவா!" என்று தோன்றும். அந்த நாட்களுக்குள்தான் வங்கி வேலை, கூரை ஓட்டை, மாமனார் வீட்டு விருந்து, தங்கச்சி கல்யாணம், பிள்ளைக்குப் படவேட்டில் ரேணுகாம்பாளுக்கு மொட்டை எல்லாம் அடங்க வேண்டும். வழியும் கொஞ்ச தூரமில்லை. காட்பாடி வழியாகப் போகிற ஹிம்சாகர் எக்ஸ்பிரஸ் கத்ரா வரை போய்ச் சேரக் கிட்டத்தட்ட மூன்று நாள் ஆகும். லடாக் பக்கம் இருந்தால் குளிர்காலத்தில் ஸோஜி லா கணவாயைப் பனி மூடிவிடும். லேயிலிருந்து சண்டிகருக்கு விமானப் படை விமானத்தில் இடம் கிடைக்க டிரான்ஸிட் கேம்ப்பில் காத்திருக்க வேண்டும், மேகம் விலகவும் காத்திருக்க வேண்டும். அதனால் பதினெட்டு என்று அவர் சொன்னால் இருபத்திமூன்று வரைக்கும் நீ மனசைத் தயார் பண்ணிக்கொள் என்றேன். "அவரும் அதத்தான் சொன்னாரு, நான்தான் காலண்டர்ல வட்டம் போட்டுட்டேன்" என்றாள்.

வட்டம் போட்டு நானும் ஏமாந்திருக்கிறேன். பிரசவத் தேதி என்று டாக்டர் சொல்கிறாரே, அந்தத் தேதியிலேயே பிறக்கிற குழந்தை நூற்றுக்கு நாலைந்துதான். எங்களுக்கு அது தெரியாது. 1989ஆம் வருஷம், டாக்டர் சொன்ன தேதியை நம்பி அவர் இருபது நாள் லீவில் வந்தார். வாசலிலேயே உட்கார்ந்திருந்தார், வயிறு அசையவில்லை. அவர் போய் மூன்றாம் நாள் வலி எடுத்தது. வண்டி அப்போது நாக்பூரைத் தாண்டியிருக்கும். பையன் பிறந்த தந்தி அவருடைய யூனிட்டுக்குப் போய்ச் சேர்ந்த பிறகும் அவர் வழியில்தான் இருந்தார். முதல் நாலு மாசம் என் பையனின் முகத்தை அவர் பார்த்தது ஸ்டூடியோ போட்டோவில். கவரின் மேல் ஊருக்குப் பதிலாக 56 ஏ.பி.ஓ. என்கிற ராணுவத் தபால் எண்ணை மட்டும் எழுதுவேன். ஊர் பெயர் எழுதக் கூடாது, எழுத எனக்குத் தெரியவும் தெரியாது. 56 என்றால் தபால் டெல்லி வழியாகப் போகும், 99 என்றால் கல்கத்தா வழியாக. புருஷன் மேற்கே இருக்கிறானா கிழக்கே இருக்கிறானா என்று எங்கள் ஊர்ப் பெண்கள் அந்த இரண்டு எண்ணை வைத்துத்தான் பேசிக்கொள்வோம். அதற்கு மேல் கேட்பதில்லை.

இப்போது தபால் போய் போன் வந்துவிட்டது. ஆனாலும் பனிமலைப் போஸ்ட்டுகள் பலவற்றில் செல்போன் கோபுரம் கிடையாது, டி.எஸ்.பி.டி. என்கிற செயற்கைக்கோள் போன்தான். நிமிடத்துக்கு 5 ரூபாயாக இருந்ததை 2017 தீபாவளி சமயத்தில் 1 ரூபாயாகக் குறைத்தார்கள். காசு குறைந்தது, இடைவெளி குறையவில்லை. இவள் கேட்டாள்: "நான் பேசும்போதே அவரும் பேசுறாரு டீச்சரம்மா, ரெண்டு பேரும் நிறுத்துறோம், மறுபடி ரெண்டு பேரும் ஒண்ணா பேசுறோம். சண்டை மாதிரியே இருக்கு."

சண்டை இல்லை, தூரம். அந்தச் செயற்கைக்கோள் நம் தலைக்கு மேல் சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறது. நீ 'ஹலோ' என்றால் அது மேலே போய்க் கீழே இறங்கக் கால் விநாடி. அவர் பதில் திரும்பி வர இன்னொரு கால் விநாடி. அரை விநாடி ஒன்றுமில்லை போலத் தோன்றும். பேச்சில் அது பெரிய மௌனம். கேட்கவில்லையோ என்று நீ மறுபடி ஆரம்பிப்பாய், அதே நேரம் அவர் பதிலும் வந்து விழும். ஒரு வாக்கியம் சொல்லி, ஒரு மூச்சு விட்டு, பிறகு அடுத்ததைச் சொல் என்றேன். பிள்ளைக்கு இந்த விதி தெரியாது, பரவாயில்லை. அவன் 'ப்பா ப்பா' என்று உளறி முடித்து வேறு பொம்மைக்குப் போன பிறகு அங்கே ஒரு ஆள் சிரிப்பார். அந்தச் சிரிப்பு வருகிற வரை போனை வைத்துவிடாதே.

வீடியோ கிடைக்கிற நாளில் காட்டலாம். ஒன்றரை வயது வரை திரையே வேண்டாம் என்று சொல்லும் அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கமே வீடியோ அழைப்புக்கு மட்டும் விலக்குக் கொடுத்திருக்கிறது.

காகிதத்தைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். பிள்ளை பிறந்தது ஊருக்கெல்லாம் தெரிந்தாலும் பட்டாளத்துக்குத் தெரிவது ஒரே வழியில்தான்: பார்ட் டூ ஆர்டர். பிறப்புச் சான்றிதழ் நகல் யூனிட்டுக்குப் போய், அங்கிருந்து ஆர்டராக வெளியாகி, ரெக்கார்ட்ஸில் ஏறினால்தான் அவன் அரசாங்கக் கணக்கில் பிள்ளை. டிபெண்டன்ட் கார்டு, எம்.எச். வைத்தியம், பிற்பாடு படிப்புச் சலுகை, நினைக்கவே வேண்டாம் என்று நாம் நினைக்கிற மற்றவை, எல்லாவற்றுக்கும் அடிவேர் அதுதான். பிறப்பை 21 நாளுக்குள் பதிய வேண்டும். பெயரை ஒரு வருஷத்துக்குள் கட்டணமில்லாமல் சேர்க்கலாம். அதனால் அவசரப்பட்டு ஒரு பெயரை எழுதிக்கொடுத்துவிடாதே.

நம் பெயர்களுக்கென்று ஒரு தனிக் கஷ்டம் உண்டு. 'தி' என்ற எழுத்துக்கு நாம் டி.எச்.ஐ. போடுவோம்; வடக்கத்தி கிளார்க் டி.ஐ. போடுவார். இனிஷியல் நமக்கு முன்னால் வரும், அவர்களுக்குப் பின்னால் முழு அப்பா பெயராக விரியும். எனக்குக் கல்யாணத்துக்கு முன் அப்பா இனிஷியல், பின் புருஷன் இனிஷியல். என் பெயர் மூன்று காகிதத்தில் மூன்று விதமாக ஏறி, நான்தான் நான் என்று நோட்டரியிடம் சத்தியம் பண்ணி நிரூபிக்க ஒரு லீவில் பதினோரு நாள் போனது. எந்த அலுவலகம் என்று சொல்லிப் பிரயோஜனமில்லை. இவளிடம் சொன்னேன்: அவர் சர்வீஸ் புத்தகத்தில் அவர் பெயர் எப்படி இருக்கிறதோ, எழுத்துக்கு எழுத்து அப்படியே பிறப்புச் சான்றிதழில் வரட்டும். ஜாதகக்காரர் கேட்கிற கூடுதல் 'ஏ'யெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

ராத்திரிகளைப் பற்றி அவள் கேட்கவில்லை. எனக்குத் தெரியும் என்று அவளுக்குத் தெரியும். ஆறாம் வாரம், பத்தாம் வாரம், பதினாலாம் வாரம் என்று மூன்று புதன்கிழமைகள் ஊசி போட்டு வந்து, அன்றைக்கு ராத்திரி பிள்ளை அனலாகக் கொதித்தபோது ஒவ்வொரு தடவையும் எங்கள் வீட்டு விளக்கைப் போட்டேன். எதிரே விளக்கு எரிந்தால் போதும், கூப்பிடத் தேவையில்லை.

சரி, அழுகைக்கு வருகிறேன்.

ஆறு மாசம் வரைக்கும் குழந்தை ஊர்ச் சொத்து. யார் கை நீட்டினாலும் போகும். ஏழு எட்டு மாசத்தில் அதன் மூளைக்குள் ஒரு கோடு விழுகிறது: இந்தப் பக்கம் நம்மவர், அந்தப் பக்கம் அயலார். அம்மாவைப் பிரிந்தால் அழுவதும் புது முகத்தைக் கண்டால் அலறுவதும் அப்போதுதான் ஆரம்பிக்கும். இது வளர்ச்சி, இந்த வயதில் இது வந்தால்தான் எங்களுக்கு அங்கன்வாடியில் நிம்மதி. வந்து சேருகிற அப்பாவுக்கு அது தெரியாதே. அவர் நாலு மாசப் பிள்ளையைத் தூக்கிக் கொஞ்சிவிட்டுப் போனவர். அதே பிள்ளை இன்னும் அங்கேயே படுத்திருக்கும் என்ற நினைப்போடு ரயில் ஏறியிருக்கிறார். நடுவில் அவன் குப்புற விழுந்து, உட்கார்ந்து, இரண்டு பல் முளைத்து, ஆளை இனம் பிரிக்கவும் கற்றுக்கொண்டுவிட்டான். போனில் தெரிந்த முகம் உள்ளங்கை அளவு, வாசனையில்லாதது. வாசலில் நிற்கிறதோ ஆறடி, மீசை, மூன்று நாள் ரயில் வியர்வை. கோட்டுக்கு அந்தப் பக்கம்தான் நிறுத்துவான்.

என் பையன் ஒரு படி மேலே போனான். பதினாலு மாசத்தில் தன் அப்பாவை "மாமா" என்று கூப்பிட்டான். என் தாய்வீட்டில் வளர்ந்தவன். அவன் கண்ட ஆம்பிளைகள் எல்லாம் என் அண்ணன் தம்பிகள், ஆகவே ஆம்பிளை என்றால் மாமா. வீடே விழுந்து விழுந்து சிரித்தது, அவரும் சிரித்தார். ராத்திரி தண்ணீர் குடிக்க எழுந்தபோது அவர் திண்ணையில் தனியாக உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். நான் ஒன்றும் கேட்கவில்லை, அவரும் ஒன்றும் சொல்லவில்லை.

"அப்போ என்னதான் பண்றது?" என்றாள் இவள். நான் சொன்னது இவ்வளவுதான். அவர் வந்ததும் பிள்ளையை அவர் கையில் கொடுக்காதே. உன் இடுப்பிலேயே இருக்கட்டும். அவர் தரையில் உட்காரட்டும். நின்றுகொண்டிருக்கிற ஆள் குழந்தைக்கு மரம் மாதிரி. பிள்ளையை நேராக உற்றுப் பார்க்காமல் உன்னோடு பேசட்டும். நீ சிரித்துப் பேசு, அதுதான் முக்கியம். இந்த வயதில் பிள்ளை புது ஆளின் முகத்தைப் பார்த்துவிட்டு உன் முகத்தைத்தான் பார்க்கும், இவர் சரியான ஆளா என்று. போனில் என்ன சொல்லிக் கூப்பிடுவாரோ அதையே அதே குரலில் சொல்லட்டும். ஒரு கிண்ணம், ஒரு கரண்டி போதும், அவர் பாட்டுக்குத் தட்டிக்கொண்டிருக்கட்டும். பையன் தவழ்ந்து வருவான். சில பிள்ளைகளுக்கு ஒரு மணி நேரம், சிலதுக்கு நாலு நாள். திரும்பிப் போகும் அன்றைக்குப் பிள்ளை தூங்கும்போது நைசாகக் கிளம்ப வேண்டாம். டாட்டா காட்டிவிட்டுத்தான் போக வேண்டும். அழுவான்தான். சொல்லாமல் போனால் அதற்கப்புறம் நீ குளிக்கப் போனால்கூட வாசலைப் பார்த்து அழுவான், யார் எப்போது மறைவார்களோ என்று.

அவள் பேசாமல் தம்ளரைக் கழுவிக் கவிழ்த்தாள். பிறகு, "இதெல்லாம் சரி டீச்சரம்மா. அவரு வந்து இறங்குன அன்னிக்கே எங்க மாமியார் வீட்டு சனம் பூரா வந்துடுமே. ஆளுக்கொரு பக்கம் புள்ளையப் புடுங்கி 'அப்பாகிட்ட போ, அப்பாகிட்ட போ'ம்பாங்க" என்றாள்.

அதற்கு என்னிடம் மருந்தில்லை. ஆகவே இதைப் படிக்கிற சித்தப்பா, பெரியப்பா, பங்காளிகளுக்குச் சொல்கிறேன். பட்டாளத்துக்காரர் லீவில் வந்த வீட்டுக்கு முதல் நாலு நாள் போகாதீர்கள். கேன்டீன் ரம் எங்கேயும் போய்விடாது, ஐந்தாம் நாளும் பெட்டியில்தான் இருக்கும்.