காஞ்சிபுரத்து ஜரிகையைக் கடித்த கடல் மீன்

விடியற்காலை இரண்டு மணி. காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊரான கூரத்தில் எங்கள் நாலு பேரைத் தவிர யாரும் விழித்திருக்கவில்லை. வேனுக்குள் ஒரு தெர்மோகோல் பெட்டி, இரண்டு தூண்டில் கழி, மந்தாரை இலை மணக்கும் ஒரு தூக்குவாளி. கடலுக்குப் போகிறோம்! ஒரு முழுப் படகை எங்களுக்கென்று பேசி வைத்திருக்கிறோம். கரை மறையும் ஆழத்துக்குப் போய்த் தூண்டில் போடப் போகிறோம். ஏரி மீனும் கால்வாய்க் கெண்டையும் பார்த்து வளர்ந்த ஊர்க்காரர்களுக்கு இது எப்பேர்ப்பட்ட நாள் என்று யோசித்துப் பாருங்கள். எனக்கு முந்தின ராத்திரி முழுக்கத் தூக்கமே இல்லை.

கூட வருகிறவர்களைச் சொல்லிவிடுகிறேன். ஒருவர் காஞ்சிபுரத்தில் தறி வைத்திருக்கும் நெசவாளி அண்ணன். முப்பது வருஷமாகப் பட்டும் ஜரிகையும் புரண்ட விரல்கள் அவருக்கு. இன்னொருவர் அவருடைய மைத்துனர், பள்ளிக்கூட வாத்தியார். மூன்றாமவர் என் மாமா. காஞ்சிபுரத்திலிருந்து மாமல்லபுரம் ஏறக்குறைய 65 கிலோமீட்டர். பல்லவர் தலைநகரத்திலிருந்து அவர்களுடைய துறைமுகத்துக்குப் போகும் வழி இது. அந்தக் காலத்தில் மாட்டு வண்டியில் எத்தனை நாள் பிடித்திருக்கும் என்று வாத்தியார் கணக்குப் போட்டுக்கொண்டே வந்தார். மாமா குறட்டை விட்டார்.

நாலரை மணிக்குக் குப்பத்தில் இறங்கினோம். மாமல்லபுரத்துக்குப் பக்கத்து மீனவர் குப்பம். மெதுவாக நடங்கள், காலில் வலை மாட்டும்! இருட்டில் எல்லாம் குவியல் குவியலாகக் கிடக்கிறது. பச்சை வலை, நீல வலை, மிதவைக் கட்டைகள், டீசல் கேன்கள், கயிற்றுச் சுருள்கள், அவற்றின் மேல் சுருண்டு படுத்த இரண்டு பூனைகள். கருவாட்டு வாசமும் டீசல் வாசமும் உப்புக் காற்றும் ஒன்றாக மூக்கில் ஏறுகின்றன. கடற்கரைக் கோயிலைப் படம் எடுக்க வருகிறவர்கள் இந்த மணலைப் பார்த்திருக்க மாட்டார்கள். ஒரு பாட்டி லாந்தர் வெளிச்சத்தில் சுக்குக் காப்பி விற்கிறார். எங்களை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "கடலுக்கா? ரெண்டு கிளாஸா குடிச்சிக்கிங்க. அங்க கடை கெடையாது" என்றார்.

படகுக்காரர் ஐம்பதைத் தாண்டியவர். இன்ஜினைப் பார்த்துக்கொள்ள அவருடைய தம்பி. முன்னால் அணியத்தில் நிற்க அவருடைய பையன். எங்கள் அடையாள அட்டை நகல்களை வாங்கி, கடலோரக் காவலுக்குத் தகவல் சொல்லிவிட்டுத்தான் படகில் கை வைத்தார். பிறகு ஆளுக்கொரு லைஃப் ஜாக்கெட். மாமாவுக்கு வார் எட்டவில்லை. பையன் கயிறு சேர்த்து முடிந்தான்.

அதற்குப் பிறகு நடந்ததைத்தான் நீங்கள் பார்த்திருக்க வேண்டும். இவ்வளவு பெரிய ஃபைபர் படகு தானாகவா தண்ணீருக்குள் போகும்? பத்துப் பன்னிரண்டு பேர் எங்கிருந்தோ வந்தார்கள். பக்கத்துப் படகுக்காரர்கள், வலை பின்னிக்கொண்டிருந்த கிழவர், டியூஷனுக்குப் போக வேண்டிய ஒரு சிறுவன். தோளைக் கொடுத்து, குரல் கொடுத்து, மூச்சுப் பிடித்துத் தள்ளுகிறார்கள். மாசிக் குளிரிலும் எல்லார் முதுகும் நனைந்துவிட்டது. யாரும் கூலி பேசவில்லை. இன்றைக்கு இந்தப் படகுக்கு அவர்கள், நாளைக்கு அவர்களுடைய படகுக்கு இவர்கள்.

அலை விழும் இடத்தில் படகைப் பிடித்து நிறுத்தினார்கள். பெரிய அலைகள் மூன்று நாலு சேர்ந்தாற்போல வரும், பிறகு கொஞ்சம் ஓயும். அந்த ஓய்வுக்குத்தான் காத்திருக்கிறார் படகுக்காரர். கண் அலையில், கை சுக்கானில். "ஏய், இப்ப!" என்றார். நீண்ட தண்டின் முனையில் விசிறி சுழலும் அந்த டீசல் இன்ஜின் உறுமியது. படகு மூக்கைத் தூக்கி ஒரு அலையில் ஏறி, தொப்பென்று அடுத்த பள்ளத்தில் விழுந்தது. எல்லாரும் தலையோடு கால் நனைந்தோம். வாத்தியார் சிறுவனைப் போலக் கூவினார்!

இப்போது படகுக்குள் பாருங்கள். உட்கார இருக்கை கிடையாது. ஐஸ் பெட்டியின் மேல் ஒருவர், வலைப் பையின் மேல் ஒருவர். தண்ணீர் இறைக்கப் பாதியாக வெட்டிய கேன், தூண்டில் கத்தி, ஒரு எலுமிச்சம்பழம், அணியத்தில் காய்ந்த பூமாலை. உள்பக்கத்தில் பெயிண்டில் இரண்டு எண்கள்: கடலோரக் காவல் படைக்கு 1554, கடலோரப் பாதுகாப்புக் குழுமத்துக்கு 1093. பக்கத்திலேயே பையன் தன் அபிமான நடிகரின் பெயரையும் எழுதியிருக்கிறான். "மொதல் ரெண்டும் ஆபத்துக்கு, மூணாவது தைரியத்துக்கு" என்றார் அவனுடைய சித்தப்பா.

முதல் வேலை இரை பிடிப்பது. பெரிய மீன் வேண்டுமென்றால் சின்ன மீன் வேண்டும். ஒரே தூண்டில் நரம்பில் ஏழெட்டுச் சிறு முட்கள், ஒவ்வொன்றிலும் மினுங்கும் ஒரு துணுக்கு. கானாங்கத்தை அந்த மினுக்கத்தைக் குஞ்சு மீன் என்று நினைத்துக் கடிக்கும். பழைய துணுக்குகள் பாதி உதிர்ந்து போயிருந்தன. நெசவாளி அண்ணன் சட்டைப் பையில் கை விட்டார். வந்தது என்ன தெரியுமா? தறியில் மிஞ்சிய ஜரிகைத் துண்டு! பட்டு நூலைச் சுற்றி வெள்ளி, அதன் மேல் தங்க முலாம். கல்யாணச் சேலைக்குப் போகிற சரக்கு. படகு ஆடிக்கொண்டிருக்க, கண்ணை இடுக்கி, எட்டு முள்ளிலும் எட்டு முடிச்சுப் போட்டார். இறக்கிய கொஞ்ச நேரத்தில் நரம்பு துடித்தது. ஐந்து கானாங்கத்தை வரிசையாகத் தொங்கிக்கொண்டு மேலே வந்தன. "அண்ணே, இனிமே மீனுங்க சாதா முள்ள கடிக்காது. பட்டுதான் கேக்கும்!" என்று படகுக்காரர் சிரித்த சிரிப்பில் படகே ஆடியது.

கிழக்கு வெளுத்தது. திரும்பிப் பாருங்கள் என்றார் தம்பி. கடற்கரைக் கோயிலின் இரண்டு விமானங்களும் கறுப்பாக, விரல் அளவுக்கு நின்றன. அதற்கும் பின்னால் திருக்கழுக்குன்றத்து மலை. தெற்கே கல்பாக்கத்து அணுமின் நிலைய விளக்குகள். 8ஆம் நூற்றாண்டில் எழும்பிய அந்தக் கோயிலைக் கல்வெட்டுக்காரர்களும் சுற்றுலாக்காரர்களும் கரையிலிருந்து பார்க்கிறார்கள். நாங்கள் கடலின் பக்கமிருந்து, அந்தக் கால மாலுமி பார்த்த பக்கமிருந்து பார்த்தோம். வாத்தியார் வெகுநேரம் பேசவே இல்லை. கரையில் இரண்டு அடையாளங்கள் ஒரே கோட்டில் வந்தால் இன்ன இடம் என்று படகுக்காரரின் அப்பா கணக்கு வைத்திருந்தாராம். இப்போது ஜி.பி.எஸ். இருக்கிறது. ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் நிறுவனம், செயற்கைக்கோள் வழியாகக் கடலின் வெப்பத்தையும் பசுமையையும் பார்த்து, மீன் கூடும் இடங்களையும் அலையின் உயரத்தையும் அறிவிக்கிறது. படகுக்காரர் அதையும் கைபேசியில் பார்த்துக்கொள்கிறார், மலையையும் பார்த்துக்கொள்கிறார்.

11 கடல் மைல், அதாவது 20 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். கரை மறைந்துவிட்டது. இன்ஜினை நிறுத்தினார்கள். அடடா, அந்த அமைதி! படகின் வயிற்றில் தண்ணீர் தட்டும் சத்தம் மட்டும். பையன் ஈயக் குண்டு கட்டிய கயிற்றை இறக்கி, இரண்டு கையையும் அகல விரித்து விரித்து அளந்தான். விரித்த கைகளின் நீளம் ஒரு பாகம், ஏறக்குறைய 6 அடி. "இருவது பாகம்" என்றான். 120 அடி ஆழம். அடியில் பார், அதாவது பாறைத் திட்டு. மீன் அங்கேதான் குடியிருக்கும்.

இங்கேதான் மாமாவின் முகம் வெளுத்தது. நின்ற படகுதான் அதிகம் ஆடும். "தூரத்துல ஒரே எடத்தப் பாரு மாமா" என்று பையன் பிடித்துக்கொண்டான். தம்பி எலுமிச்சம்பழத்தைக் கீறி மூக்கருகே நீட்டினார். எதற்காக எலுமிச்சம்பழம் என்று இப்போது புரிந்தது! கொஞ்சம் தெளிந்ததும் தூக்குவாளியைத் திறந்தோம். மூங்கில் குடலையில் மந்தாரை இலை போட்டு அவித்த கோயில் இட்லி. மிளகு, சீரகம், சுக்கு, நெய். வரதராஜப் பெருமாளுக்குப் படைக்கும் அதே வகை. மாமாவின் வயிற்றுக்கு அந்தச் சுக்குதான் மருந்தாயிற்று. அவர்களுடைய வாளியில் பழைய சோறும் சுட்ட நெத்திலிக் கருவாடும். கை மாறியது. படகுக்காரர் நாலு இட்லி சாப்பிட்டார். நாங்கள் அவர்களுடைய சோற்றை ஒரு பருக்கை விடவில்லை.

பிறகு வந்தது அந்த இழுப்பு. முதலில் ஒரு வஞ்சிரம். கழி வில்லாக வளைந்தது. வாத்தியார் சுற்றினார், சுற்றினார், பட்டென்று லேசாகிவிட்டது. நரம்பைப் பல்லால் அறுத்துக்கொண்டு போய்விட்டது. "அதுக்குக் கம்பிதான் போடணும் சார்" என்று தம்பி முள்ளுக்கு மேலே கம்பி முடிந்தார்.

அடுத்தது நெசவாளி அண்ணனின் கைத்தூண்டிலில். கழி கிடையாது, வெறும் நரம்பு. விரல்களுக்கு சைக்கிள் ட்யூபை வெட்டி மாட்டிவிட்டிருந்தான் பையன். இழுத்த இழுப்பில் அண்ணன் படகின் விளிம்பில் முட்டிக்கொண்டார். "விடுங்கண்ணே, விடுங்க! ஓடட்டும். நின்னா இழுங்க!" என்று படகுக்காரர் கத்துகிறார். அண்ணனுக்கு அது சட்டென்று பிடிபட்டது. பாவு நூல் எப்போது அறும், எப்போது தாங்கும் என்று விரலாலேயே அறிந்தவர் அல்லவா? விட்டார், பிடித்தார், விட்டார், பிடித்தார். இருபது நிமிஷம். நெற்றியிலிருந்து வேர்வை மூக்கு நுனியில் சொட்டுகிறது. துடைக்கக் கை இல்லை. மாமாதான் துண்டால் துடைத்துவிட்டார். நீலத்துக்கு அடியில் ஒரு வெள்ளித் தட்டு புரண்டது. பாறை மீன்! கொக்கி போட்டு உள்ளே தூக்கியபோது ஏழு பேரும் ஒரே குரலில் கத்தினோம். தராசில் ஒன்பது கிலோ.

அண்ணனும் படகுக்காரரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து உள்ளங்கையைக் காட்டிக்கொண்டார்கள். ஒருவருக்கு நாடா பிடித்த தழும்பு, இன்னொருவருக்கு நரம்பு அறுத்த தழும்பு. கிட்டத்தட்ட ஒரே விரலில், ஒரே இடத்தில். நாங்கள் வாடகைக்குப் பேசியது படகை என்று அதுவரை நினைத்திருந்தேன். அலையின் ஓய்வை அறியும் கண்ணையும், 120 அடிக்குக் கீழே என்ன இருக்கிறதென்று சொல்லும் கையையும்தான் அந்த ஒரு நாளுக்கு எங்களுக்குக் கொடுத்திருக்கிறார்கள். கரையில் நின்று பார்த்தால் அது தெரியவே தெரியாது.

திரும்பும் வழியில் தண்ணீருக்கு மேலே ஒரு தலை எழுந்தது. பங்குனி ஆமை! இந்தக் கரையில் முட்டையிட வரும் காலம். தம்பி இன்ஜினை உடனே மெதுவாக்கி, படகை ஒதுக்கி ஓட்டினார். அது ஒரு மூச்சு இழுத்துக்கொண்டு நிதானமாக உள்ளே போயிற்று.

கரையில் எங்களுக்கு முன்னால் வந்த படகின் மீனுக்கு ஏலம் முடிந்துகொண்டிருந்தது. கூடைகளோடு நின்ற பெண்கள் எங்கள் பாறையைத் தூக்கிப் பார்த்து, செதிளைத் தடவி, விலையும் சொல்லிவிட்டார்கள். பேசியபடி மீனில் பாதி அவர்களுக்கு, பாதி எங்களுக்கு. அவர்களுடைய பாதி மறுபடி பிரிந்தது: ஆளுக்கு ஒரு பங்கு, படகுக்கும் இன்ஜினுக்கும் தனிப் பங்கு. காலையில் தோள் கொடுத்த கிழவருக்கும் அந்தச் சிறுவனுக்கும் குழம்புக்கு மீன் போயிற்று. யாரும் கேட்கவில்லை. தானாகப் போயிற்று.

வாத்தியாருக்கு அப்போதுதான் எங்கள் ஊர்ச் செப்பேடு நினைவுக்கு வந்தது. 7ஆம் நூற்றாண்டில் பல்லவ மன்னன் முதலாம் பரமேஸ்வரவர்மன் கொடுத்த கூரம் செப்பேடு. ஒரு கிராமத்தைப் பங்கு பிரிக்கும்போது கோயில் பூசைக்கும் பழுது பார்ப்பதற்கும் மட்டும் ஒதுக்கி நிறுத்தவில்லை. மண்டபத்துக்குத் தண்ணீரும் தீயும் கொடுக்க ஒரு பங்கு, அங்கே பாரதம் வாசிக்க ஒரு பங்கு என்று எழுதி வைத்தார்கள். கண்ணில் படாத வேலைக்கும் பங்கு உண்டு என்பது அந்தச் செப்பேட்டிலும் இருக்கிறது, இந்த மணலிலும் இருக்கிறது.

நீங்களும் போய் வாருங்கள். வடகிழக்குப் பருவமழைக் காலத்தைத் தவிர்த்துவிடுங்கள். தை, மாசியில் கடல் சாதுவாக இருக்கும். பெரிய விசைப்படகில் போகும் எண்ணமிருந்தால், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை என்பதை நினைவில் வையுங்கள். லைஃப் ஜாக்கெட்டைக் கழற்றாதீர்கள். குஞ்சு மீனைத் திரும்பக் கடலில் விடுங்கள். பேசிய பணத்தில் பேரம் பேசாதீர்கள். கரை ஏறியதும், காலையில் உங்கள் படகைத் தள்ளிவிட்டவர் எங்கே என்று தேடிப் பிடித்து, உங்கள் பங்கிலிருந்தும் குழம்புக்கு ஒரு மீன் கொடுத்துவிட்டு வாருங்கள்.