தேறாத பிள்ளைக்கும் ஒரு வழி

இலங்கையின் நுவரெலியா மாவட்டத்தில் ஹட்டன், நோர்வூட், மஸ்கெலியா, தலவாக்கலை ஆகிய ஊர்களைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களில் வறுமை தலைமுறைகளாகத் தொடர்ந்ததற்குக் குறைந்த கூலி மட்டும் காரணமன்று. வேலை, வீடு, மருத்துவம், பள்ளி ஆகிய நான்கும் ஒரே நிர்வாகத்தின் கையில் இருந்ததும் காரணமாகும். 1907ஆம் ஆண்டின் கிராமப் பாடசாலைகள் கட்டளைச் சட்டம், ஆறு முதல் பத்து வயது வரையிலான பிள்ளைகளுக்குத் தாய்மொழிக் கல்வி அளிக்கும் பொறுப்பைத் தோட்டத் துரையிடம், அதாவது தோட்ட நிர்வாகியிடம் ஒப்படைத்தது. பத்து வயதுக்கு மேலும் படித்த பிள்ளை பெரட்டுக்கு, அதாவது காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் இடத்துக்கு, வந்து நிற்காது என்ற கணக்கு அந்த வயதெல்லையில் இருந்திருக்கலாம். 1945இல் சி.டபிள்யூ.டபிள்யூ. கன்னங்கரா கொண்டுவந்த இலவசக் கல்வி நாட்டின் பிற பகுதிகளை மாற்றியபோதும் தோட்டப் பாடசாலைகள் அதற்கு வெளியே நின்றன. 1948இன் குடியுரிமைச் சட்டம் அவற்றில் படித்தோரின் குடும்பங்களை நாடற்றோராக்கியது. 1970களின் பிற்பகுதியில்தான் அரசு அப்பாடசாலைகளைப் பெருமளவில் பொறுப்பேற்கத் தொடங்கியது.

இந்த இடைவெளியைச் சமூகத்தவரே நிரப்ப முயன்றனர். ஹட்டன் ஹைலண்ட்ஸ் கல்லூரியில் அதிபராக இருந்த இர. சிவலிங்கம், தோட்டத்துப் பிள்ளைகள் பல்கலைக்கழகத்தை எட்ட முடியும் என்ற எண்ணத்தை ஒரு தலைமுறையிடம் ஊன்றியவராக மலையகத்தில், அதாவது மலைநாட்டுத் தோட்டப் பகுதியில், இன்றும் நினைக்கப்படுகிறார். 1947இல் அமைக்கப்பட்டு, இந்திய உயர்ஸ்தானிகராலயத்தின் வழியாக உதவித்தொகை வழங்கிவரும் தோட்டத் தொழிலாளர் கல்வி நிதியமும் உயர்தரத்திலும் பல்கலைக்கழகத்திலும் பயில்வோருக்குக் கைகொடுத்துள்ளது. இவற்றின் பயனை மறுப்பதற்கில்லை; ஆயினும் உதவித்தொகை என்பது ஏற்கெனவே தேறிய பிள்ளையையே தேடிச் செல்கிறது. சாதாரணதரப் பரீட்சையில், அதாவது பதினோராம் ஆண்டின் இறுதியில் எழுதும் பொதுத் தேர்வில், கணிதமோ ஆங்கிலமோ கைகூடாமல் போகும் பிள்ளை கொழுந்து மலைக்கோ கொழும்பில் ஒரு கடைக்கோ வீட்டுவேலைக்கோ போய்விடுகிறது. வறுமை மறு தலைமுறைக்குக் கைமாறும் இடம் அதுவேயாதலால், சமூகத் திட்டங்களின் மதிப்பை அங்கேதான் அளந்து பார்க்க வேண்டும்.

அந்த அளவுகோலில் இரு முயற்சிகள் கவனத்துக்குரியவை. ஹட்டனை மையமாகக் கொண்ட பிரிடோ நிறுவனம் முன்பள்ளிப் பருவத்தில் கவனம் செலுத்தியது. தாய் கொழுந்து பறிக்கச் செல்லும் வேளையில் குழந்தையை விட்டுச் செல்லும் பிள்ளைக் காம்பரா, நீண்டகாலம் ஆயாம்மா ஒருவர் தூளி ஆட்டிப் பால் புகட்டும் காப்பிடமாகவே இருந்தது. அதைப் பாட்டும் கதையும் விளையாட்டும் உள்ள கற்றலிடமாக்குவது, பத்துக்குப் பன்னிரண்டு அடி லயன் அறையில், அதாவது தொழிலாளர் வரிசைக் குடியிருப்பின் ஓர் அறையில், புத்தகத்துக்கு இடமில்லாத வீட்டுப் பிள்ளைக்கு முதல் வகுப்பிலேயே பின்தங்காத நிலையைத் தருகிறது. மறுமுனையில், 2010இல் தொடங்கிய டீ லீப் விஷன் என்ற பயிற்சி நிலையம், பள்ளியை முடித்த தோட்டத்து இளைஞர்களுக்கு ஆங்கிலமும் தொழில்சார் திறன்களும் கற்பிக்கிறது. அங்குப் பயில்வோர் தத்தம் தோட்டத்துச் சிறுவர்களுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுப்பதும் பயிற்சியின் பகுதியாகும். தோட்டத்தை விட்டு வெளியேறுவதையே வெற்றியாகக் கொள்ளும் திட்டங்களில் இந்த ஏற்பாட்டைக் காண்பது அரிது.

எல்லாவற்றுக்கும் அடியில் ஆசிரியர் பிரச்சினை கிடக்கிறது. 1990களில் ஜெர்மன் உதவியுடன் கொட்டகலை பத்தனையில் எழுந்த ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி மலையகத்துக்கென ஆசிரியர்களை உருவாக்கியதனால், வெளியூர் ஆசிரியர் வருவதும் இடமாற்றம் பெற்றுப் போவதுமான நிலை ஓரளவு தணிந்தது. அதுவும் போதாமையால், 2010களின் நடுப்பகுதியில் அரசு உயர்தரம் தேறிய சுமார் 3,000 பேரைப் பெருந்தோட்டப் பாடசாலைகளுக்கு ஆசிரியர் உதவியாளர்களாக நியமித்தது. அவர்களுள் பெரும்பாலோர் அதே தோட்டங்களில் பிறந்து வளர்ந்தவர்கள். பிள்ளையின் வீட்டுநிலையை விசாரிக்காமலே அறிந்தவர்கள். அவர்களுக்கு முதலில் வழங்கப்பட்ட மாதக் கொடுப்பனவு 6,000 ரூபாய். பலமுறை கோரிக்கை எழுந்த பின்னரே அது 10,000 ஆனது.